அக்கரை தொடாத பாலம்

பாலத்தில் ஒரு குறையும் இல்லை, மகளே. முந்தாநாள் உன் புத்தகத்துக்காக நீ டேப் பிடித்து அளந்தபோதே சொல்ல நினைத்தேன். மூன்று கண் வைத்த பாலம். அதற்கு சிமெண்டும் மணலும் கலந்த கூட்டத்துக்கு நான்தான் மேஸ்திரி. நாற்பத்து நான்கு மழைக்காலம் பார்த்துவிட்டது, லுவேகா ஆறு எத்தனையோ தடவை அதன் தலைக்கு மேலே ஏறிப் போயிருக்கிறது; ஒரு விரிசல் காட்டு பார்ப்போம். குறையெல்லாம் அக்கரையில்தான். பாலம் போய் முடிகிற இடத்தில் மண் இல்லை. ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே வெறும் புல்.

ஏன் என்று கேட்டாய். வெள்ளத்தால் வேலை நின்றது என்று மாவட்ட அலுவலகத்துக் காகிதத்தில் இருக்கிறதாம். எழுதியவர் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. நான் முந்தாநாளே சொன்னேன், கௌடென்சியை நான் கொன்றதால்தான் வேலை நின்றது என்று. சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கௌடென்சியின் மகனே சிரித்தான். நீ மட்டும் சிரிக்கவில்லை. இன்றைக்குத் தனியாக வந்திருக்கிறாய். போனை இப்படி என் பக்கத்தில் வை, பதிவில் காற்று இரைச்சல் விழாது.

நீ ஏரிப் பக்கத்துப் பெண். உங்கள் ஊரில் கேலிமுறை கிடையாது என்கிறார்கள். இங்கே கௌடென்சி குலத்துக்கும் எங்கள் குலத்துக்கும் பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்தே அந்த முறை உண்டு. அவன் என்னை அடிமை என்று கூப்பிடுவான், நான் அவனை அடிமை என்று கூப்பிடுவேன். என் கோழியை அவன் பிடித்துக்கொண்டு போகலாம். சாவு வீட்டில்தான் முறைக்காரனுக்குப் பெரிய வேலை. செத்தவனைப் போல நடந்து காட்டுவான், அவன் குரலில் பேசுவான், குழிக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டு எழ மாட்டேன் என்பான். அழுகிறவர்களைச் சிரிக்க வைத்த பிறகுதான் அவன் வெளியே வரலாம். என்ன சொன்னாலும் கோபப்படக் கூடாது. கோபப்பட்டால் அன்றோடு முறை அறுந்தது, மனுஷனே இல்லை என்று ஊர் ஒதுக்கிவிடும். நான் ஒரு நாளும் கோபப்பட்டதில்லை.

எனக்கும் என் மனைவி அபோலோனியாவுக்கும் ஒரு பெண் குழந்தை இருந்தது, பெர்பெத்துவா. ஐந்து மாதம். மலேரியா. எல்லோரையும் அரசாங்கம் பழைய ஊர்களிலிருந்து லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து குடிவைத்த வருஷம் அது, பாலம் பாதி எழும்பியிருந்தது. குழந்தைக்குக் குழி சின்னதாகத்தானே வெட்டுவார்கள். கௌடென்சி இடது காலை இழுத்து இழுத்து நடப்பான். அப்படியே வந்தான், குழிக்குள் சுருண்டு உட்கார்ந்தான்.

"என்னடா குழி இது, என் முழங்காலுக்கே பத்தலையே. வலேரியானி, நீ கலவைதான் அரைகுறையாப் போடுவேன்னு நெனச்சேன், புள்ளையும் அப்படித்தானா?"

எல்லோரும் சிரித்தார்கள். அபோலோனியா சிரித்தாள். இரண்டு நாளாக வாயே திறக்காதவள் அவன் தோளில் நாலு அடி போட்டுச் சிரித்தாள், பிறகு வாய்விட்டு அழுதாள், பிறகு அவன் உருட்டிக் கொடுத்த உகாலிக் களியை வாங்கித் தின்றாள். இரண்டு நாளும் நான் ஊட்டிப் பார்த்தேன். என் கையிலிருந்து ஒரு வாய் வாங்கவில்லை. முறைக்காரன் செய்ய வேண்டியதை அவன் சரியாகச் செய்தான், அதில் நான் குற்றம் சொல்ல மாட்டேன். முறைப்படி அவனுக்குக் கோழி கொடுத்து அனுப்பினேன்.

இது நடந்து ஆறு வாரம் இருக்கும். கடைசிக் கண்ணுக்கு வியாழக்கிழமை கான்கிரீட் போட்டோம். ஏழு நாள் ஈரச் சாக்குப் போட்டுத் தண்ணீர் விட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை என்று விட முடியாது. ஊரே மிஷன் கோயிலுக்குப் பூசைக்குப் போயிருந்தது. நானும் அவனும்தான் பாலத்தின் மேலே. நல்ல வெயில். அவன் அக்கரைப் பக்கத்து விளிம்பில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அபோலோனியா எப்படி இருக்கா? சாப்பிடுறாளா? இல்லேன்னா சொல்லு அடிமை, நானே வந்து ஊட்டி விடுறேன்" என்றான்.

நான் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன். சிரித்துக்கொண்டே போய்க் கம்பி வளைக்கிற இரும்பை எடுத்து வந்தேன். அது ஒஸ்முந்தியுடையது. ஒஸ்முந்தி அக்கரைக்காரன், கம்பி கட்டுகிறவன். கைப்பிடியில் சிவப்புத் துணி சுற்றி வைத்திருப்பான். என் மண்வெட்டியும் பக்கத்தில்தான் கிடந்தது, ஆனால் அதன் பிடி ஆடிக்கொண்டிருந்தது.

ஒரே அடியில் முடியும் என்று நினைத்தேன். மூன்றாவது அடிவரை அவன் அதை விளையாட்டு என்றே எடுத்துக்கொண்டான் போல. ஒரு கையைத் தலைக்கு மேலே வைத்துக்கொண்டு, "போதும்டா அடிமை, போதும்" என்றான். விரல்கள் நசுங்கிய பிறகும் அதையே சொன்னான். ஏழாவதோ எட்டாவதோ அடியில் சத்தம் நின்றது. பாதி மண்டை உள்ளே போயிருந்தது. புதுக் கான்கிரீட் ரத்தத்தை உறிஞ்சிவிடும், மகளே. ஈரச் சாக்கால் அழுத்தித் துடைத்தேன், பதினைந்து வாளி தண்ணீர் ஊற்றினேன். எப்படியும் ஊற்ற வேண்டிய தண்ணீர்தான். அவனை ஆற்றில் தள்ளிவிட்டு இரும்பையும் போட்டேன். ஆழமான மடு நாலு எட்டு தள்ளி இருந்தது. அவ்வளவு தூரம் நடக்கத் தோன்றவில்லை.

பூசை முடிவதற்கு முன்பே அவன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டான் என்று சொன்னேன், எல்லோரும் நம்பினார்கள். சாயங்காலம் பாலத்துக்கு அடியில் கொடுத்திருந்த முட்டுக் கழியில் சிக்கிய உடலை மீன் பிடிக்கிறவர்கள் பார்த்தார்கள். மறுநாள் அடக்கம். முறைக்காரர்களில் மூத்தவன் நான்தான், நான்தான் ஆட வேண்டும். அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டேன், இடது காலை இழுத்துக்கொண்டு குழியைச் சுற்றி வந்தேன், உள்ளே இறங்கிப் படுத்தேன். அவன் குரல் எனக்கு அப்படியே வந்தது.

"யாருடா என்னைக் கொன்னது? வேற யாரு, இந்த வலேரியானிப் பயதான். கோழி கேட்டேன், இரும்பைக் குடுத்துட்டான்!"

நான் பொய் சொல்லவில்லை, பார். குழிக்குள் படுத்து, ஊர் முழுக்கக் கேட்க, பெயரோடு சொன்னேன். அவன் தாய்கூடச் சிரித்தாள். அபோலோனியா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். உடம்பு சரியில்லையாக்கும் என்று நினைத்தேன். அந்த வாரமே தாய் வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

குழி மூடுவதற்குள் யாரோ ஆற்றிலிருந்து இரும்பைக் கொண்டுவந்தார்கள். சிவப்புத் துணி. ஒஸ்முந்தி குலத்துக்கு இக்கரையில் யாரோடும் கேலிமுறை இல்லை. அதனால் கௌடென்சியின் பேச்சை அவனால் தாங்க முடியாது. ஒரு தடவை எல்லோர் முன்னாலும் "உன் வாயைக் கிழிப்பேன்" என்று கத்தியிருக்கிறான். கோபப்பட்டவன் அவன் ஒருவன்தான். எனவே கொன்றவன் அவன்தான் என்று முடிவாகிவிட்டது.

பாலத்தின் மேலே கைப்பிடிச் சுவருக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தவனை இளவட்டங்கள் முப்பது பேர் வளைத்துக்கொண்டார்கள். அவன் கட்ட வைத்திருந்த கம்பியாலேயே அடித்தார்கள். முதலில் கால், பிறகு முகம். நானும் போனேன், தொப்பி இன்னும் என் தலையில் இருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போய், "விடுங்கடா, நான்தான் கொன்னேன்!" என்று கத்தினேன். அந்த இடத்தில் அப்படிச் சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் வரும், சொல்லு. அவர்கள் அடிப்பதை நிறுத்தினார்கள். ஒருவன் கம்பியைக் கீழே போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான், அவ்வளவு சிரிப்பு. "இன்னொரு தடவை சொல்லு, அடிமை" என்றார்கள். சொன்னேன். மறுபடியும் அடித்தார்கள்.

கடைசியில் இழுத்துக்கொண்டு போய் அக்கரை விளிம்பிலிருந்து கீழே எறிந்தார்கள். அக்கரையில் கரைமண் கொட்டி நிரப்ப வேண்டியவர்கள் அவன் ஊர்க்காரர்கள். அவர்கள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனவர்கள்தான், அதன் பிறகு ஒரு கூடை மண்கூடப் போடவில்லை. பிற்பாடு ரோடு மேற்கே போய்விட்டது. உன் புத்தகத்தில் வெள்ளம் என்று எழுதாதே.

நானோ விடாமல் உண்மையைச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன். கௌடென்சி குலத்தில் எந்தச் சாவு விழுந்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள், அந்த ஆட்டத்தைக் கேட்டு வாங்குவார்கள். முடிந்ததும் கோழியும் மூங்கில் கள்ளும். கேட்டும் நம்பாதது அவர்கள் பாடு.

நேற்று நீ படகில் அக்கரை போய் ஒஸ்முந்தியின் மகளைப் பார்த்தாயாமே, கிரெசென்சியாவை. அப்பா செத்தபோது அவளுக்கு ஆறு வயது. கொலைகாரன் என்று அவனைக் கோயில் மண்ணில் புதைக்க விடவில்லை, வாழைத் தோட்டத்துக்குப் பின்னால் ஒரு கல் இருக்கிறது. இந்தப் பதிவைப் பாதிரியாரிடம் போட்டுக் காட்டினால் எலும்பை எடுத்து உள்ளே கொண்டுபோவார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். கொண்டுபோகட்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை. வலேரியானி லிகுபிகா ஆகிய நான்தான் கௌடென்சியைக் கொன்றேன், ஒஸ்முந்திக்கு அதில் சம்பந்தமில்லை. போதுமா? பதிவாகிவிட்டதா?

அவள் இன்னொன்றும் கேட்டுவரச் சொன்னாளாம், அப்பா கடைசியாக என்ன பேசினார் என்று. என்னிடம்தான் பேசினான். ஒரு கண் மூடிவிட்டது, பல்லெல்லாம் போய்விட்டது, ஆனாலும் தெளிவாகச் சொன்னான்.

"நீ சொல்றது நெசம்னு எனக்குத் தெரியுது. சிரிக்காம சொல்லு, அண்ணே. ஒரே ஒரு தடவை."

சொல்லியிருக்கலாம். தொப்பியைக் கழற்றிவிட்டு, இடது காலை நேராக ஊன்றி, என் சொந்தக் குரலில். விட்டிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நீ அந்தக் கூட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும், மகளே. கௌடென்சிக்கு அவன் ஆயுசு முழுக்க அப்படி ஒரு சிரிப்பு கிடைத்ததில்லை.