சத்தமில்லாத நாற்பது விநாடி

படம் எடுக்கும் அறையில் சுவர்க் கடிகாரம் இருந்தால் முதலில் அதன் பேட்டரியைக் கழற்றிவிடுவோம். பல நாள் எடுத்ததை ஒரே காலைப்பொழுதாக ஒட்டும்போது முள் இங்குமங்கும் தாவக்கூடாது. அண்ணனின் பட்டறையிலும் அப்படித்தான் செய்தேன். பத்தே காலில் நின்றது.

கலை, பண்பாடு பற்றிய குறும் ஆவணப்படங்களுக்கான உங்கள் சர்வதேசப் போட்டியில் என் படத்துக்குப் பரிசு கொடுத்தீர்கள். இப்போது காப்பகத்துக்காக முழுப் பதிவையும் கேட்டிருக்கிறீர்கள். அனுப்புகிறேன். பார்ப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

அண்ணன் நாடகங்களுக்குப் பின்திரை வரைபவர். இரண்டு ஆள் உயரத் திரை. ஏணியில் நின்றுதான் வரைவார். ஆறு ஆண்டுகளாக நடுக்குவாதம். நான்கு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை போட்டால் கையும் காலும் சொன்னபடி கேட்கும். அந்தக் கணக்கெல்லாம் அண்ணியுடையது. நான் படம் எடுத்த வாரம் மகளின் பிரசவத்துக்குப் போனவர், மாத்திரை டப்பாவை என்னிடம் கொடுத்தார்.

"தூரிகையத் தொட்டா உங்க அண்ணனுக்குப் பசி தூக்கம்கூடத் தெரியாது. நீங்க பாத்துக்குவீங்கல்ல?"

"நான் இருக்கேன் அண்ணி."

இருபது ஆண்டுகள் கல்யாண வீடியோ எடுத்தவன் நான். எனக்கென்று ஒரு படம் எடுப்பது அதுதான் முதல் தடவை. இரண்டாம் நாள் அண்ணன் வேலை மும்முரத்தில் நின்றுபோன கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்துவிட்டார். நானும் மறந்துவிட்டேன். அது உண்மையிலேயே மறதிதான். வலது கை நடுங்கத் தொடங்கியது. இடது கையால் அதன் மணிக்கட்டைப் பிடித்து, திரையில் ஒரு மரக்கிளையின் நுனிவரை கொண்டுபோய்ச் சேர்த்தார். அதுவரை விளம்பரம்போல் இருந்தது, அந்த நொடியில் படமாகிவிட்டது.

மூன்றாம் நாள் நான் மறக்கவில்லை. மாத்திரையை அரை மணி நேரம் தள்ளினேன். மறுநாள் ஒரு மணி நேரம்.

"மணி என்னடா ஆச்சு? என் கைக்கு மட்டும் நேரம் தெரியுது போல."

"இன்னும் இருக்குண்ணே."

அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "கல்யாண வீட்ல சாப்பிட்டு எழுந்தவங்கள மறுபடி உட்கார வச்சுச் சாப்பிடச் சொன்னவன்தானே நீ. உனக்கு நடுக்கம்தான் வேணும்னா வாயத் திறந்து சொல்லு. மாத்திரையப் போட்டுட்டு நடிச்சுக் காட்டறேன்."

"நடிச்சா அது ஆவணப்படம் இல்லண்ணே" என்றேன். உங்கள் விதிகளிலும் சோடித்த காட்சிகள் கூடாது என்றுதான் இருந்தது.

ஆறாம் நாள் மாத்திரை வேளை தாண்டி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. அண்ணன் ஏணியின் ஐந்தாம் படியில் நின்றார். ஜன்னல் வெளிச்சம் நன்றாக இருந்தது.

"தம்பி, கால் நகர மாட்டேங்குது. மாத்திரையக் குடுடா."

டப்பா என் சட்டைப் பையில் இருந்தது.

"அப்படியே இருண்ணே. ஒரே நிமிஷம்."

சின்ன வயதிலிருந்தே நான் கேட்டதை அவர் மறுத்ததில்லை. இருந்து பார்த்தார். பிறகு விழுந்தார். அதிலிருந்து மூன்றாம் நாள் மருத்துவமனையில் இறந்துபோனார்.

ஏணி வழுக்கிவிட்டது என்று அண்ணியிடம் சொன்னேன். பேரக்குழந்தையின் துணி இன்னும் தோளிலேயே கிடக்க, அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் பக்கத்துலயே இருந்தீங்களே, அது போதும்" என்றார். அந்தக் கையால் இன்றுவரை என்னால் நிம்மதியாக ஒருவாய் சாப்பிட முடியவில்லை.

உங்கள் அரங்கில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தன்னடக்கம் என்று பத்திரிகைகளில் எழுதினார்கள்.

நான் அனுப்பும் பதிவில் நாற்பது விநாடிக்குச் சத்தம் இருக்காது. கருவிக் கோளாறு அல்ல, நான்தான் அழித்தேன். அண்ணன் கேட்டதும் நான் சொன்னதும் அங்கேதான் இருந்தன. கொடுத்திருக்கலாம். நாலடி எடுத்து வைத்தால் ஏணி. நான் கொடுக்கவில்லை. அவர் கீழே விழுந்த பிறகும் கேமராவை நிறுத்தவில்லை.

அண்ணி என்றாவது அதைக் கேட்க நேர்ந்தால் அவர் மனசு தாங்காதே என்றுதான் அழித்தேன்.