காவின் செல்லும்

தேத்தண்ணிக்குச் சீனி போட வேண்டாம் சேர், எனக்குச் சீனி வருத்தம். கதவைச் சாத்தாதீர்கள், காற்று வரட்டும்.

நீங்கள் தமிழ்ப் பொலிஸ், அதனால் விளங்கப்படுத்துகிறேன். உங்கள் கோயில் கலியாணத்தில் பெண்ணும் மணவறையில் இருப்பாள். எங்கள் கலியாண ஒப்பந்தம், காவின், பள்ளிவாசலில் நடக்கும். பெண் வீட்டில் இருப்பாள். அவளுக்கு வாப்பாதான் வொலி. மாப்பிள்ளையின் கையைப் பிடித்து மகளைக் கொடுப்பது அவர்தான். வாப்பா இருக்க இன்னொருவன் கொடுத்தால் அந்தக் காவின் செல்லாது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. இது எனக்குத் தெரியும்.

என் மகள் ஸுஹைறா கொழும்பில் வேலை செய்தபோது றிஸ்வான் என்ற பொடியனோடு காவின் முடித்திருக்கிறாள். அவனுடைய சாச்சா, வாப்பாவின் தம்பி, அவளுக்கு வொலியாக நின்றாராம். செல்லாது என்றேன். ஊருக்குக் கூட்டி வந்து, நற்பிட்டிமுனையில் ஷரிபுதீனை மாப்பிள்ளையாகப் பேசினேன்.

"நான் முடிச்சவள் வாப்பா. ஒருத்திக்கு ரெண்டு புருசனா?"

"நான் குடுக்கல்ல. நீ இன்னும் குமருதான்."

"என்னட்ட ஒரு சொல் கேக்க மாட்டீங்களா?"

"நெல்லுக்கிட்டக் கேட்டுட்டா விதைக்கிற?"

கலியாணத்தன்று அவளுடைய போனை வாங்கி வைத்தேன். அவளுக்கு மூச்சிழுப்பு வந்தால் வாயில் அடிக்கிற மருந்து கைப்பையில் இருந்தது. உள்ளே இன்னொரு போன் இருக்கும் என்று பையையும் எடுத்தேன். அறையைப் பூட்டித் திறப்பைச் சட்டைப் பையில் போட்டேன். அவளுக்கென்று கட்டிய வீடு அது. முதிரைக் கதவு, ஜன்னலுக்குக் கம்பி. மரம் பார்த்து வாங்கியது நான்.

பள்ளியில் மாப்பிள்ளை வந்து இருந்துவிட்டார். அந்த நேரம் என் மனைவி சபியா உம்மா கோல் எடுத்தாள்.

"மகளுக்கு இழுக்குதுங்க. கதவை உடைக்க ஏலாமக் கிடக்கு. திறப்பைக் கொண்டு ஓடி வாங்க."

"நடிக்கிறாள். காவினைக் குழப்பப் பாக்கிறாள்."

"நீங்களே கேளுங்க," என்று போனைக் கதவோடு வைத்தாள்.

கேட்டேன். போனைச் சட்டைப் பையில் போட்டேன், திறப்புக் கிடந்த அதே பையில். மாப்பிள்ளையின் கையைப் பிடித்தேன். மௌலவி சொல்லித் தந்ததைச் சொன்னேன். துஆ ஓதி முடிந்து பேரீச்சம்பழம் பகிர்ந்தார்கள். நானும் ஒன்று தின்றேன். பிறகுதான் எழும்பினேன்.

நடிப்பென்று நம்பினீர்களா என்கிறீர்கள். மனைவியிடம் அப்படிச் சொன்னேன். ஆனால் சேர், சின்ன வயதிலிருந்தே அந்த இழுப்பு எனக்குப் பழக்கம். எத்தனையோ தரம் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறேன். நடித்து அந்தச் சத்தம் வராது. எழும்பிப் போனால் காவின் நின்றுவிடும், றிஸ்வான் முடித்ததுதான் செல்லும் என்று ஊர் கதைக்கும். அதனால் இருந்தேன்.

இப்போது ஷரிபுதீன் வீட்டார், மையத்துக்கு, செத்துப் போனவளுக்கு, காவின் செய்தான் கிழவன், அது செல்லாது என்கிறார்கள். பொய். அதை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். நான் போனை நிறுத்தவில்லை. கை கொடுத்து முடியும் வரைக்கும் சட்டைப் பைக்குள் அவள் இழுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

உயிரோடுதான் இருந்தாள் சேர். காவின் செல்லும்.