மூடி வைத்த தொட்டி

– போர்வைய எடுக்கட்டா, ராகவன் சார்? மூடிக்கினு இருந்தா மீன எப்டி புடிக்கறது?

– எடுங்க கோபி. செத்திருந்தா என்கிட்ட காட்ட வேணாம். அப்படியே கடைக்குக் கொண்டுபோயிடுங்க.

– இன்னா சார் பேசற. எங்கடையில வெரல் நீளத்துல வாங்கினு வந்த கெளுத்தி. இப்ப முழங்கை நீளம் கீது. அது ஏன் சாவப்போவுது?

– லாவண்யா போனதுலேந்து நான் தீனி போடலை.

– மூணு மாசமாவா?

– அவ மீன். கிட்ட போக முடியலை. அதுவா போயிடும்னு நெனச்சேன். இன்னிக்குக் காலைல தொட்டிக்குள்ள ஏதோ அடிச்சுது. அதான் கூப்பிட்டேன்.

– கெளுத்தி பசி தாங்கும், வாஸ்தவம்தான். பட்டினி கெடந்தது இப்டியா கீது? வயித்தப் பாரு, பந்து மாரி. கண்ணாடில பாசி இல்ல. ஃபில்டர் பஞ்சு கூட கழுவிக் கீது.

– யார் கழுவினாங்க?

– உன் மாமியார்தான். நீதான் அனுப்பறன்னு நெனச்சேன்.

– யாரு, கோமளாம்மாவா?

– ஆமா. நெமிலிச்சேரிலேந்து பகல்ல ட்ரெயின்ல வரும். எங்கடைல மீனு தீனிக்கு எறா வாங்கி, கையில பிளாஸ்டிக் கவர மாட்டிகினு, மூஞ்சத் திருப்பிகினு உரிக்கும். நான் உரிச்சித் தரேன்னா உடாது.

– அவங்க வீட்டுக்குள்ள முட்டை கூட வராது.

– அதான் நானும் சிரிச்சேன், போ.

– ஆஸ்பத்திரிக்கு லேட்டாக் கூட்டிட்டுப் போய்ட்டேன்னு காரியத்தன்னிக்கே சொன்னாங்க. இனி உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்னு போனவங்க.

– அப்ப ஊட்ட எப்டி தொறக்குது?

– லாவண்யாவோட ஹேண்ட்பேக் அவங்ககிட்ட இருக்கு. சாவி அதுலதான்.

– சரி சார். புடிச்சிடட்டா? வண்டி கீழ நிக்குது.

– வேணாம். போர்வைய மறுபடி போட்டுடுங்க.

– எதுக்கு?

– எடுத்தா நான் பாத்தது தெரிஞ்சிடும்.

– நல்லா கீதே. ஃபோனப் போட்டு, வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லேன்.

– சொன்னா வர மாட்டாங்க. கடைக்கு வந்தா, நான் தெனமும் ஆஃபீஸ் போறேன்னு மட்டும் பேச்சுவாக்குல சொல்லிடுங்க.

– போறவன போறாருன்னு சொல்றதுக்கு இன்னா சார் கீது?

– நேத்தோட என்னை வேலையவிட்டு நிறுத்திட்டாங்க, கோபி. அவங்களுக்கு அது தெரிய வேணாம். எப்பவும் போல காலைல பைய மாட்டிக்கிட்டு வெளிய போயிடுவேன்.