கால் சுற்று

சுவரில் ஓதம் ஏறினால் உடனே பெயிண்ட் வாங்க ஓடக் கூடாது, ஐயா. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். இருபத்தெட்டு வருடமாகப் பழைய வீடுகளைப் பழுது பார்க்கிறேன். எந்த வீட்டுக்குப் போனாலும் இதைத்தான் முதலில் சொல்வேன். அக்கா வீட்டில் மட்டும் சொல்லவில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும்.

அது அப்பா வீடு. படுத்த படுக்கையாகக் கிடந்தவரை ஐந்து வருடம் பார்த்துக்கொண்டாள் என்று அவள் பெயருக்கே எழுதிவிட்டுப் போய்விட்டார். கல்யாணம் ஆகாதவள், தனிக்கட்டை. சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு வேறு. ஒற்றை ஆளுக்கு அத்தனை பெரிய வீடு எதற்கு? தானாகக் கிளம்பிப் போகட்டும் என்றுதான் நினைத்தேன்.

அவள் படுக்கும் அறைக்கு அந்தப் பக்கம் குளியலறை. அப்பாவின் காரியத்துக்குப் போனபோது, சுவருக்குள் போகும் குழாய் இணைப்பை ஸ்பேனரால் கால் சுற்றுத் தளர்த்தினேன். சொட்டாது, சும்மா வியர்க்கும். ஒரே மாதத்தில் கட்டிலுக்குப் பின்னால் சுவர் கறுத்துப் பூஞ்சை பிடித்தது. அக்கா என்னைத்தான் கூப்பிட்டாள். வேறு யாரைக் கூப்பிடுவாள்?

ஞாயிறு தவறாமல் போனேன். அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும், ஐயா. அதை அடைக்கக் கூடாது. நான் சிமெண்டு பூசி, மேலே பிளாஸ்டிக் பெயிண்ட் இரண்டு கை அடித்தேன்.

"வெளிக் காத்துலதான் ஈரம் வருது, சன்னலைத் தொறக்காதக்கா" என்றேன்.

"நீ மட்டும் இல்லேன்னா இந்த வீடு எப்பவோ இடிஞ்சு விழுந்திருக்கும்டா" என்பாள், இருமிக்கொண்டே. டீ போட்டுத் தருவாள். பெயிண்ட் வேலை நன்றாக இருந்ததால் அவள் பாராட்டை நானும் மறுக்கவில்லை.

நான்காவது மாதம் பெட்டியோடு கூடத்தில் நின்றாள்.

"என்னால முடியலடா. கூட வேலை பாத்தவ வீட்டு மாடி காலியா இருக்காம். இந்த வீட்ட நீயே வச்சுக்கோ."

பெட்டியை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

"அப்பா இருந்த வீட்ட விட்டுட்டுப் போறியா? இந்தத் தடவை சரியாயிடும். என்னை நம்புக்கா."

நம்பினாள். எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அக்காவைத்தான் கேட்பார்கள், என்னை யாரும் கேட்டதில்லை. இப்போது அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது எனக்குப் பிடித்திருந்தது. அன்றைக்கு இணைப்பை இன்னொரு கால் சுற்றுத் தளர்த்தினேன்.

சன்னலில் புதுத் திருகாணி எப்படி வந்தது என்று கேட்டீர்கள். நான்தான் போட்டேன். அக்கா அடிக்கடி மறந்து திறந்துவிடுகிறாள் என்று நாலு மூலையிலும் முடுக்கினேன். ஆறு வாரம் கழித்து அதன் கீழேதான் கிடந்தாள். விரல் நகங்கள் பெயர்ந்திருந்தன. சட்டத்தில் என் பெயிண்டும் நாலு இடத்தில் உரிந்திருந்தது. அதைத் திரும்ப அடித்துவிட்டேன்.

குழாயை முடுக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பூச்சைக் கொத்தி எடுத்ததும் சுவர் தானே காய்ந்துவிட்டது. இப்போது அந்த அறையில் நான்தான் படுக்கிறேன்; நல்ல காற்று வருகிறது.

இதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அவள் அந்த வீட்டை விட்டுப் போனால் போதும் என்பதைத் தவிர, எனக்கு வேறு எண்ணமே இருந்ததில்லை.