விரலிடுக்கில் களிம்பு

என் கணவர் வார்விக்குக்கு வறண்ட தோல். ஹோபார்ட்டில் குளிர் தொடங்கினால் உதிர ஆரம்பித்துவிடும். இருபத்திரண்டு வருடம், தினமும் அவர் கைகளுக்குக் களிம்பு தடவிப் பருத்திக் கையுறை மாட்டிவிட்டவள் நான்.

"உன் வீட்டுக்காரர் போற இடமெல்லாம் மாவு சலிச்சுட்டே போறாரு, லியோனி" என்று கிரெட்டா கேலி செய்வாள். தடயவியல் கூடத்தில் எனக்குப் பக்கத்து மேசை.

"பெருக்கறவ நானு. உனக்கென்னடி?" என்பேன். சேர்ந்து சிரிப்போம்.

தொட்ட பொருளில் ஒட்டியிருக்கும் தோல் துகளை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது எங்கள் வேலை. எங்கள் கையே பட்டுவிடலாம் என்பதால் ஊழியர் அனைவரின் டிஎன்ஏவும் ஒரு பட்டியலில் இருக்கும். அதோடு பொருந்தினால், 'கூடத்தில் பட்டது' என்று எழுதி அதைக் கணக்கிலிருந்து அடித்துவிடுவோம்.

ஒரு சந்தேகத்தில் வார்விக்கின் பனியனைச் சோதித்தேன். கிரெட்டா. அவள் தோல் துகள் என் கையோடுதான் வீட்டுக்கு வந்திருக்கும் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். கேட்டபோது அவரே ஒப்புக்கொண்டார். அடுத்த வாரம் அவள் வீட்டுக்குக் குடிபோனார். கையுறைகளை மறந்துவிட்டார்.

சனிக்கிழமைகளில் அவர் தனியாக மீன் பிடிக்கப் போவார். அப்படியொரு சனிக்கிழமை, பிரிக்காத புதுக் கொடிக்கயிற்றோடு கிரெட்டாவைப் பார்க்கப் போனேன்.

"கத்துவேன்னு நெனச்சேன். இவ்ளோ நல்லவளா இருக்கியேடி" என்றாள். டீ போடத் திரும்பினாள். அவர் விட்டுப்போன கையுறைகளை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி மாட்டிக்கொண்டேன்.

கயிறு முழுக்க வார்விக்கின் தோல். கொஞ்சம் என்னுடையதும், களிம்பு தடவியது என் கை அல்லவா? அதைப் பட்டியல் பார்த்து அடித்துவிடுவார்கள் என்று தெரியும். அடித்தார்கள். அவர் எட்டு மாதமாகச் சிறையில்.

கணவர் மீதான வழக்கு என்பதால், கயிறு கூடத்துக்கு வரும் முன்பே விதிப்படி விடுப்பில் போய்விட்டேன். வேலையில் நான் எப்போதும் நேர்மை. மறு ஆய்வுக்கு மெல்பர்னிலிருந்து வந்த நோரீன் அதைத்தான் பிடித்துக்கொண்டாராம்: "கயிறு வந்ததுலேர்ந்து அந்தம்மா இந்தப் படியே மிதிக்கலையே. அப்புறம் எப்படி இங்க வச்சுத் தொட்டாங்க?"

ஆமாம், இன்ஸ்பெக்டர். கிரெட்டாவைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

வார்விக்கை வெளியே விடும்போது, களிம்பு இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது என்று சொல்லுங்கள். விரலிடுக்கில் அவருக்குத் தானே தடவிக்கொள்ளத் தெரியாது. எட்டு மாதமாக அந்தக் கைகளை யாருமே கவனிக்கவில்லையே என்றுதான் எனக்கு மனசு ஆறவில்லை.