தூண்டில் பாலத்தில் ஒரு கணக்கு வகுப்பு

ஒரு வருடத்துக்குப் பாடத்திட்டம் போட உட்கார்ந்தால் முதலில் லீவு நாட்களைப் பார்க்க வேண்டும் மேடம். புத்தகத்தை அப்புறம் திறந்தால் போதும். புதிதாக வரும் ஆசிரியர்கள் இதில்தான் கோட்டை விடுவார்கள். ஆகஸ்டில் பனிமய மாதா கோயில் திருவிழா. குலசை தசரா வந்தால் பாதிப் பிள்ளைகள் வேஷம் கட்டப் போய்விடும், மீதிப் பாதி அதை வேடிக்கை பார்க்கப் போய்விடும். அப்புறம் சூரசம்ஹாரம், அதன் பின்னாலேயே மழை. இதையெல்லாம் கழித்த பிறகுதான் கையில் என்ன மிச்சம் என்று தெரியும். இருபது வருடத்துக்கு மேல் இதைச் செய்துவருகிறேன். என் திட்டம் ஒருநாளும் பிசகியது கிடையாது.

இந்த வருடத் திட்டத்தை நானும் பத்மஜாவும் சேர்ந்து போட்டோம். பெரியதாழையில் அலை அடித்துக்கொண்டு போன டீச்சர். விபத்து என்று நீங்கள் எழுதி முடித்துவிட்டீர்கள். யாரும் கூப்பிடாமல் நானாக ஸ்டேஷனுக்கு வந்து உங்கள் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருப்பது உங்களுக்கு விசித்திரமாக இருக்கும். சொல்கிறேன். கணக்கு வாத்தியாருக்கு ஸ்டெப்பை விட்டுவிட்டு விடைக்குத் தாவுவது பிடிக்காது. வரிசையாகவே வருகிறேன்.

எங்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக் கணக்கை நாங்கள் நடத்துவதில்லை. எங்கள் பள்ளியில் மட்டுமா என்ன? பிளஸ் ஒன் சேர்ந்த பிள்ளையின் கையில் மறுநாளே பிளஸ் டூ புத்தகத்தைக் கொடுத்துவிடுவோம். இரண்டு வருடமும் அதே புத்தகம்தான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிள்ளை எழுதிவிடும். சென்டம் சார் என்றால் திருச்செந்தூர் வட்டாரத்தில் ராஜகோபாலனைக் காட்டுவார்கள். நடுவில் சில வருடங்கள் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். நோட்ஸ் போட்டுக் கொடுத்து, மனப்பாடம் செய்யவைத்து, எப்படியோ ஒப்பேற்றினேன். அந்தத் தேர்வு இனி இல்லை என்று அறிவிப்பு வந்த அன்று ஆழ்வார்திருநகரிக்குப் போய்ச் சேவித்துவிட்டு வந்தேன். அவ்வளவு நிம்மதி.

ஏன் நிம்மதி என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவி பூமாவிடம்கூட. நான் படித்த பள்ளியிலும் இதே வழக்கம்தான் மேடம். எனக்கும் அந்தப் பாடத்தை யாரும் நடத்தவில்லை. காலேஜில் கைடு, எம்.எஸ்ஸி. தபாலில். எந்தக் கணக்குக்கும் எனக்கு விடை தெரியும். அது ஏன் விடை என்று தெரியாது. அதை யாராவது கேட்டுவிடுவார்களோ என்று வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பயந்துகொண்டே இருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. பரீட்சை நெருக்கத்தில் பிள்ளைகள் அதையெல்லாம் கேட்பதில்லை.

எங்கள் கரஸ்பாண்டெண்ட் வன்னியபெருமாள் அண்ணாச்சி உடன்குடியில் கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்கிறவர். இங்கே சென்டம் எடுத்த அவர் பேரன் என்ஜினீயரிங் முதல் வருடத்திலேயே கணக்கில் குப்புற விழுந்துவிட்டான். அண்ணாச்சிக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. மே மாதத்தில் என்னைக் கூப்பிட்டார். பக்கத்தில் பத்மஜா நின்றாள். மதுரையில் வேலை பார்த்துவிட்டு வந்தவள், முப்பது வயது இருக்கும்.

"சாரே, இனிமே பதினொண்ணை வருசம் பூரா ஒழுங்கா நடத்தணும். அஸ்திவாரம் இல்லாம மாடி கெட்டுனா நிக்குமா? நீங்க பெரியவிய. இந்தப் பிள்ளையும் நீங்களுமா உக்காந்து ஒரு திட்டம் போடுங்க."

"பேஷா போட்டுடலாம் அண்ணாச்சி" என்றேன்.

திட்டம் போடுவதில் அவள் கெட்டிக்காரி என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சார்பு, வரைபடம், அதற்குப் பிறகு முக்கோணவியல், கடைசியில் லிமிட் என்று ஒன்றின் தோளில் ஒன்றாக ஏற்றிக்கொண்டு போனாள். ஒவ்வொன்றையும் எழுதும்போது, "இது ஏன் இங்க வரணும்னா சார்" என்று ஆரம்பிப்பாள். நான் தலையாட்டிக்கொண்டு லீவு நாட்களைக் குறித்துக் கொடுத்தேன். ஜூன் கடைசிச் சனிக்கிழமைக்கு எதிரே பெரியதாழை என்று எழுதினாள். கடலுக்குள் பாறைகளைக் கொட்டி நீட்டியிருக்கிறார்களே, அந்தத் தூண்டில் பாலம். அதன் நுனியில் அளவு போட்ட கம்பை நட்டுவைத்து, அலை ஏறி இறங்குவதைப் பிள்ளைகள் பார்த்து வரைய வேண்டுமாம். "ஃபார்முலாவைப் பாக்கறதுக்கு முன்னாடி அவங்க அலையைப் பாக்கணும் சார்" என்றாள். கம்பு நடுவது அவள் பொறுப்பு, பஸ் என் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம்.

ஜூன் முதல் வாரம் அண்ணாச்சி பெற்றோரைக் கூப்பிட்டு ஒரு மாதிரி வகுப்பு வைக்கச் சொன்னார். பெரியவர் நான் தொடங்க வேண்டும். பார்க்க மிரட்டலாக இருக்கட்டும் என்று ஒரு லிமிட் கணக்கைப் போட்டேன். சைன் எக்ஸ் பை எக்ஸ், எக்ஸ் பூஜ்ஜியத்தை நெருங்கும்போது விடை ஒன்று. பெற்றோர் வாயைப் பிளந்தார்கள். அப்போது நடு பெஞ்சில் ஈவாஞ்சலின் எழுந்தாள். பெரியதாழைப் பிள்ளை, அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர்.

"சார், எக்ஸுக்குப் பதிலா சைபரைப் போட்டா மேலயும் சைபர், கீழயும் சைபர். சைபரால வகுக்கக் கூடாதுன்னு சின்ன கிளாஸ்லயே சொல்லித்தந்தாங்க. பொறவு இந்த ஒண்ணு எங்கன இருந்து சார் வந்தது?"

"அது ஃபார்முலாம்மா. எழுதிக்கோ."

"ஃபார்முலா எங்கன இருந்து சார் வந்தது?"

குறும்பு இல்லை மேடம். அவளுக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது. போர்டுப் பக்கம் திரும்பி, எழுதின வரியையே அழித்து மறுபடி எழுதினேன். வாசலில் நின்ற பத்மஜா, ஏற்கெனவே பேசிவைத்த மாதிரி உள்ளே வந்து, "இந்த இடத்தை நான் சொல்றேன்னு சார்கிட்ட கேட்டு வாங்கியிருந்தேன்" என்றாள். ஒரு வட்டம் போட்டாள். அதில் ஒரு மெல்லிய கீற்று. "சைபரை நாம வைக்கவே இல்லை ஈவா. பக்கத்துல போறோம், இன்னும் பக்கத்துல போறோம். தொடறதே கிடையாது" என்றாள். அந்தப் பிள்ளை முகம் மலர்ந்துவிட்டது. அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தது. அது எல்லாவற்றையும் புரிந்துகொண்ட பார்வை.

அண்ணாச்சிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "ரெண்டு பேரும் சோடியா நல்லாத்தான் நடத்துதிய" என்று போய்விட்டார். ஆக, என் குட்டு உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருத்தியான பத்மஜா சாயங்காலம் ஸ்டாஃப் ரூமில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தினம் கொஞ்ச நேரம் உக்காந்து பேசிக்கலாமா சார்? யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றாள். கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன். இரக்கப்பட்டாள். அன்றிலிருந்து அவள் ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே ஸ்டாஃப் ரூமை விட்டு எழுந்து போய்விடுவேன். அந்த வகுப்பு வாசலைக் கடக்காமல் மாடியைச் சுற்றிக்கொண்டு போவேன். சாப்பாடு இறங்கவில்லை. "என்னன்னா, இப்படி இளைச்சுப் போயிட்டேள்? சுகர் பாத்துடுங்கோ" என்றாள் பூமா. பார்த்தேன். சுகர் இல்லை.

இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். எனக்கு அந்த இரண்டு பேர் மேலும் கோபமே கிடையாது. பயம்தான். கோபக்காரன் ஏதாவது செய்வான். நான் ஒன்றும் செய்யவில்லை.

சனிக்கிழமைக்கு முந்தின நாள் சாயங்காலம் தங்கதுரை போன் செய்தார். பெரியதாழையில் ஐஸ் பிளான்ட் வைத்திருப்பவர், அவர் மகன் என்னிடம் படித்துச் சென்டம் எடுத்தவன்.

"சார், நாளைக்குப் பிள்ளையளக் கூட்டிட்டு வாரதாக் கேள்விப்பட்டேன். வேண்டாம் சார். கள்ளக்கடல்னு மைக்குல சொல்லுதாவ. வள்ளத்தையெல்லாம் மேல இழுத்துப் போட்டாச்சு. தூண்டில் பாலத்துல ஒரு ஆளு நிக்கக் கூடாது."

கள்ளக்கடல் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். காற்று இருக்காது, மேகம் இருக்காது, வெயில் பளிச்சென்று அடிக்கும். எங்கேயோ தூரத்தில் கிளம்பின அலை சொல்லாமல் கொள்ளாமல் வந்து ஏறும். அப்புறம் கடல் ரொம்ப நேரம் சும்மா கிடக்கும். அந்தச் சும்மா கிடக்கிற நேரத்தை நம்பித்தான் ஆட்கள் போய் நிற்பார்கள்.

"நல்லவேளை சொன்னீங்க. பத்மஜா மிஸ்கிட்ட சொல்லிடறேன்" என்றேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பெயரைப் பார்த்தபடியே இருந்தேன். அழைக்கவில்லை. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் பஸ்ஸை ஆலந்தலையில் நிறுத்தச் சொன்னேன். பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வெயிலில் உட்காரக் கூடாது. டிபன் வாங்கிக் கொடுத்தேன். இட்லியை அவசரப்படாமல் மென்று தின்னச் சொன்னேன். டிரைவர் முப்பிடாதி, "நேரமாகுதே சார், மிஸ் அங்கன காத்துக் கெடப்பாங்களே" என்றான். டயரில் காற்று குறைவாகத் தெரிகிறது, பார்த்துவிடு என்றேன். காற்று சரியாகத்தான் இருந்தது. பஸ்ஸில் வந்த ஒரு பிள்ளைக்கும் கால்கூட நனையவில்லை மேடம். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். பொறுப்பில்லாத வாத்தியாராக இருந்தால் மொத்த வகுப்பையும் கொண்டுபோய்ப் பாறைமேல் உட்காரவைத்திருப்பான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கரையில் கூட்டம். பத்மஜாவின் செருப்பும் கைப்பையும் மணலில் இருந்தன. நனையாமல் இருக்கட்டும் என்று போனைப் பைக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஈவாஞ்சலினைப் பாறை இடுக்கிலிருந்து நாலைந்து பேர் சேர்ந்து வெளியே எடுத்தார்கள். தொடை எலும்பு முறிந்திருந்தது, உயிர் இருந்தது. பத்மஜா மறுநாள்தான் கிடைத்தாள்.

ஈவாஞ்சலின் பஸ்ஸில் வரமாட்டாள், வீட்டிலிருந்து நேரே வந்துவிடுவாள் என்பதை நான் மறந்துபோனதாக உங்கள் ஏட்டு எழுதியிருக்கிறார். நான்தான் அப்படிச் சொன்னேன். அது பொய். என் போனை எடுத்துப் பாருங்கள். ஆலந்தலையில் பிள்ளைகள் கை கழுவிக்கொண்டிருந்தபோது அவள் அம்மா நம்பரிலிருந்து ஒரு கால் வந்தது. பேசியது ஈவாஞ்சலின்தான். ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது.

"சார், மிஸ் தூண்டில் பாலத்து நுனியில நிக்காவ. கடல் சரியில்ல சார், நேத்தே மைக்குல சொல்லிட்டாவ. கரையில ஒரு ஆளையும் காணல. போன் போட்டா எடுக்க மாட்டேங்காவ. கூப்பிட்டாலும் காது கேக்கல. நான் என்ன சார் செய்ய?"

முதல் தடவையாக அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரிந்திருந்தது. நீ கரையிலேயே நில்லும்மா, ஊருக்குள் போய் ஆளைக் கூட்டிக்கொண்டு வா. இவ்வளவுதான் பதில். அது என் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அப்போது எனக்கு அவள் முகம் தெரிந்தது, வகுப்பில் திரும்பி என்னைப் பார்த்த முகம்.

"நீயே பாலத்துல ஓடிப்போய் மிஸ்ஸைக் கூட்டிண்டு வந்துடும்மா" என்றேன். "நுனிவரைக்கும் போ. பக்கத்துல போனாத்தான் அவங்களுக்குக் கேக்கும்."

"சரி சார்" என்று வைத்துவிட்டாள். நான் உள்ளே போய் எல்லோருக்கும் இன்னொரு காபி சொன்னேன்.

நான் யாரையும் தள்ளவில்லை. தொடக்கூட இல்லை. பத்மஜா போர்டில் வரைந்து காட்டியது மாதிரி, பக்கத்தில் போனேன், அவ்வளவுதான். இதற்குச் சட்டத்தில் என்ன பெயர் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

இத்தனை நாள் கழித்து இன்றைக்கு ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். நேற்று தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். போகாமல் இருந்தால் அண்ணாச்சி தப்பாக நினைப்பார். அவள் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "மிஸ்ஸக் காப்பாத்தத்தான சார் இவள அனுப்புனிய. ஒங்களுக்கு எம்புட்டு வேதனையா இருக்கும்" என்றாள். அவர்கள் என்னைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்கள். நான் பேசாமல் ரிட்டயர் ஆகிவிட்டுப் போயிருக்கலாம்.

ஆனால் அந்தப் பிள்ளை கட்டிலில் படுத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. காலில் கம்பி போட்டிருக்கிறார்கள். தலைமாட்டு ஸ்டூலில் தங்கதுரை வாங்கிவந்த சாத்துக்குடி இருந்தது. அவர் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார். அந்த வெள்ளிக்கிழமை எனக்குப் போன் செய்ததைச் சொல்லாமலா இருந்திருப்பார்?

"சார், ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

என்ன கேட்கப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். உடம்பு தேறட்டும்மா, அப்புறம் கேட்டுக்கலாம் என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியிறங்கி ஓடிவந்துவிட்டேன். ராத்திரியெல்லாம் தூங்கவில்லை. ஜெயில் எனக்குப் பயமாக இல்லை மேடம். பத்மஜா கனவில்கூட வருவதில்லை.

கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். இதையெல்லாம் ஈவாஞ்சலினிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். அந்தப் பிள்ளை முன்னால் பதில் இல்லாமல் இன்னொரு தடவை நின்று முழிக்க என்னால் ஆகாது.