ஆணி அடிக்காத சுவர்

— மறுபடியும் பதினோரு மாசமாய்யா? அஞ்சு வருசத்துக்கு அக்ரிமெண்டு போட்டுத் தாங்கன்னுதானே கேட்டேன்?

— ஊரே பதினோரு மாசந்தான் போடுது, சூர்யகலா. போடியில எந்த வீட்டுக்காரன் அஞ்சு வருசம் எழுதித் தர்றான், சொல்லு.

— ஊரு கெடக்கட்டும். மாடியில இருக்கறது நானும் எம்மகளும். கீழ இருக்கறது நீங்க ஒத்த ஆளு. நமக்குள்ள என்னய்யா?

— அதத்தான் நானும் சொல்றேன் தாயி. இது முடிஞ்சா இன்னொரு பதினோரு மாசம். உன்னைய யாரு போகச் சொல்றா?

— முன்ன இருந்த வீட்டுக்காரம்மாவும் இதத்தான் சொன்னாக. திடீர்னு மகளுக்குக் கல்யாணம், வீடு வேணும்னு நின்னாக. மக பவதாரணி புத்தகத்தையெல்லாம் ஏலக்காச் சாக்குல கட்டித் தூக்கிட்டு வந்தேன். பள்ளிக்கூடத்துல இன்னமும் அவளை ஏலக்கா டீன்னுதான் கூப்பிடுறாளுக.

— போடியில எவன் மேலதான் ஏலக்கா மணக்கல?

— சிரிக்காதீக. நேத்து எம்புருசன் போன் பண்ணாரு.

— பால்பாண்டியா? மேல மலையில நல்ல மழையாமே?

— மழைதான். லயத்து வீடு எஸ்டேட்டு வேலையோட ஒட்டுனது, உங்களுக்குத் தெரியாததில்ல. வேலைய விட்டா வீட்டையும் விட்டுறணும். நான் ஸ்டோருல ஏலக்கா பொறுக்குறேன், நீங்க எறங்கி வந்து மண்டியில லோடு ஏத்துங்க, பொழச்சுக்கலாம்னு சொல்றேன். "கீழ நெலையா ஒரு வீடு இருக்குன்னு சொல்லு, மறுநாளே வர்றேன்"ங்கறாரு. பதினோரு மாசத்த நம்பி மேல உள்ளத எப்படிக் காலி பண்றது?

— அதுவரைக்கும் இப்பப் போல ஜீப்புல வந்துட்டுப் போகட்டுமே.

— வர்ற அன்னைக்கு மக வாயத் தொறக்க மாட்டேங்குறா. விருந்தாளிக்கு வைக்கிற மாதிரி தட்ட வச்சுட்டு உள்ள போயிர்றா. அவரு என்னையப் பாக்குறாரு, நான் சொவத்தப் பாக்குறேன். மதிய்யா, இந்தப் பொழப்பு.

— போதும்ங்கறதுக்கு மதியா? கேரளா மலைப் பேச்சு இன்னும் உன்னைய விடல.

— பேச்ச மாத்தாதீக.

— சரி, கேளு. நாளைக்கே உம்மகளுக்கு மதுரையில காலேஜு கெடைக்குது. அஞ்சு வருசம் எழுதிட்டமேன்னு இங்கயே கெடப்பியா? பதினோரு மாசம்னா உனக்கும் கால்கட்டு இல்ல பாரு.

— அந்தக் கட்டுத்தான்யா வேணுங்கறேன். பொறந்ததுலருந்து என் காலு அவுந்தேதான் கெடக்கு.

— எம்மகன் ராஜாராம் வந்து நின்னா?

— பெங்களூர்லருந்தா? அவுக அம்மா காரியத்துக்கு வந்ததோட சரி. நான் குடி வந்து ஒரு தீவாளிக்கு எட்டிப் பாத்தாரா?

— அவனுக்கு அங்க வேலை, தாயி.

— கோவிச்சுக்காதீக. அஞ்சு வருசந்தான் வேணாம், ஒரு ஆணியாச்சும் அடிக்க விடுறீகளா? கண்ணாடிய அரிசி டப்பா மேல சாச்சு வச்சு, குனிஞ்சு தலை சீவுறோம். ஆத்தாளுக்கும் மகளுக்கும் கூன் விழுந்துரும் போல.

— சொவரு பாழாப் போகும் தாயி.

— நேத்து ரசம் கொண்டாந்தப்பப் பாத்தேன். அம்மா படத்த நாற்காலியில வச்சிருக்கீக. மாலை நழுவித் தரையில கெடக்கு. அதுக்குமா ஆணி கூடாது?

— உக்காந்தே இருக்கட்டும். பேச்சுக்குத் தொணையா இருக்கு.

— வெளையாடாதீக. வாசல்ல மொக்கச்சாமி இல்லம்னு கல்லு பதிச்சிருக்கு. உங்க வீட்டுல உங்களுக்கு எவன் சட்டம் போடுறது? இருங்க, சுத்தியல் எடுத்துட்டு வெரசா வர்றேன்.

— வேணாம்.

— மொதல்ல அம்மா படத்த மாட்டுவோம். பெறகு எனக்கு எழுதித் தாங்க.

— வேணாங்கறேன்ல. உக்காரு.

— ஏன்யா, ஒரு ஆணிக்குப் போயி இப்படித் தடுக்குறீக?

— வீடு இப்ப மகன் பேருல, சூர்யகலா. அவ போன பெறகு அவன் கேட்டான், எழுதிக் குடுத்துட்டேன். விக்கிறப்ப சொவரு சுத்தமா இருக்கணுமாம்.

— விக்கிறப்பவா? அப்ப என்னைய இருக்கச் சொல்ற நீங்க...

— ஆணி அடிக்கக் கூடாதுங்கறது நான் உனக்குப் போட்ட சட்டமில்ல தாயி. கீழ் வீட்டுக்கு அவன் எனக்குப் போட்ட பதினோரு மாச அக்ரிமெண்டுல இருக்கு.